கலிலியோவின் ஊசலும் என் 41.3 விநாடியும்

இந்த மாத சுவர் இதழில் அறிவியலாளர் வாழ்க்கைப் பகுதி எங்கள் வகுப்பின் முறை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க. சார்ட் முழுக்க எழுதியும் இடம் பத்தாமல் இன்னும் ரெண்டு தாள் ஒட்டியிருக்கிறேன். இடது பக்கத்திலிருந்து ஆரம்பிச்சு வரிசையா படிக்கணும்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை நான் ஆசைப்பட்டு எழுத ஆரம்பிக்கவில்லை. மாட்டிக்கிட்டதால் எழுத ஆரம்பித்தேன்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் சோதனை இருக்கிறது இல்லையா? தாங்கியில் பிளந்த தக்கை, அதுல ஒரு நூல், நூல் நுனியில் பித்தளைக் குண்டு. நூலின் நீளத்தைக் குண்டின் நடுப்பகுதி வரை அளந்து 100 செ.மீ. வைத்தேன். 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்க்கணும். குண்டை லேசாகத்தான் இழுத்து விடணும்னு சார் சொன்னார். எனக்கு அது போதவில்லை. லேசா ஆடினா பார்க்கவே நல்லா இல்லை. கோயில் திருவிழாவுல ஊஞ்சல் ஆடுற மாதிரி நல்லா அகலமா இழுத்து விட்டேன். 20 எண்ணி முடிக்கும்போது ஸ்டாப் வாட்ச் 41.3 விநாடி காட்டியது. கணக்குப் போட்டா புவியீர்ப்பு முடுக்கம் 9.26 வருது. புத்தகத்தில் 9.8. பக்கத்து மேசைக்காரனுக்கு 9.78.

பெல் அடிக்க அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. ரப்பரை எடுத்தேன். 41.3-ஐ அழிச்சுட்டு 40.1 என்று எழுதினேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. 80 செ.மீ., 60 செ.மீ. ரெண்டுக்கும் ஊசலை ஆட விடாமலேயே 9.8-லிருந்து பின்னாடி வந்து கணக்குப் போட்டு எழுதிட்டேன்.

சார் நோட்டை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் 24.8, 24.8, 24.8. கையால் எண்ணினவனுக்கு இப்படி வராதேப்பா என்றார். அப்புறம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, அழிச்ச இடத்தில் முன்னாடி என்ன இருந்ததுன்னு கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. எவ்வளவு அகலமா இழுத்தேன்னு மட்டும் கேட்டார். கையை விரிச்சுக் காட்டினேன். சிரிச்சுட்டு, நூலகத்துல கலிலியோ பத்தி இருக்கிற புத்தகத்தையெல்லாம் படி, படிச்சுட்டு சுவர் இதழ்ல எழுது, அழிச்ச கதையையும் சேர்த்து எழுது என்று சொல்லிட்டுப் போயிட்டார். அதுதான் இது.

கலிலியோ 1564 பிப்ரவரி 15-ல் இத்தாலியில் பீசா நகரத்தில் பிறந்தார். சாய்ந்த கோபுரம் இருக்கே, அதே பீசா. அப்பா பெயர் வின்சென்சோ. அவர் ஒரு இசைக் கலைஞர், லூட் என்கிற தந்தி வாத்தியம் வாசிப்பவர். வாசிப்பதோடு நிற்காமல் தந்திகளை வைத்துச் சோதனையும் செய்தவர். ஒரு தந்தியில் எடை கட்டித் தொங்கவிட்டு, அதே சுரத்தின் மேல் ஸ்தாயி வரணும்னா எடையை எத்தனை மடங்கு ஆக்கணும்னு பார்த்தார். பழைய புத்தகங்கள் எல்லாம் ரெண்டு மடங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தன. இவர் தொங்கவிட்டுப் பார்த்தபோது நாலு மடங்கு தேவைப்பட்டது. இந்த நாலு மடங்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பையன் கதையில் மறுபடியும் வரும்.

இசையில் வருமானம் கம்மி. அதனால் பையன் டாக்டர் ஆகணும்னு அப்பா முடிவு பண்ணிட்டார். (எந்த ஊரா இருந்தா என்ன, எந்த நூற்றாண்டா இருந்தா என்ன!) 1581-ல் பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்த்தார்கள். கலிலியோவுக்கு மருத்துவ வகுப்பு பிடிக்கவில்லை. ஒஸ்தீலியோ ரிச்சி என்ற கணித ஆசிரியரின் பாடத்தைக் கேட்ட பிறகு மனசு முழுக்க வடிவியல் பக்கம் போய்விட்டது. கடைசியில் 1585-ல் பட்டம் வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். வீட்டில் என்ன நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தப் பிரபலமான விளக்குக் கதை வருகிறது. 1583 வாக்கில் பீசா தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது, கூரையிலிருந்து தொங்கிய விளக்கு ஆடுவதைப் பார்த்தாராம். முதலில் பெரிதாக ஆடியது, போகப்போக சிறிதாக ஆடியது. ஆனால் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் மட்டும் மாறவில்லை என்று தோன்றியதாம். அப்போது விநாடி காட்டும் கடிகாரம் கிடையாது. தன் கை நாடியைப் பிடித்துப் பார்த்து எண்ணினாராம்.

இந்தக் கதையை எழுதியவர் அவருடைய கடைசிக் கால மாணவர் விவியானி. அதுவும் கலிலியோ இறந்து 12 வருஷம் கழிச்சு, 1654-ல். இப்போது பீசாவில் கலிலியோ விளக்கு என்று காட்டுகிற பெரிய விளக்கு அங்கே மாட்டப்பட்டதே 1587-ல்தான். அதற்கு முன்னால் வேறு விளக்கு தொங்கியிருக்கலாம், அதைப் பார்த்திருக்கலாம். நான் இதைப் பாதி நம்புகிறேன். நாடி பிடித்த பகுதியை மட்டும் முழுசா நம்ப ஆசையா இருக்கு. மருத்துவம் படிக்கிற பையன் கைக்கு முதலில் போகிறது நாடிதானே? பின்னால் சாந்தோரியோ என்ற மருத்துவர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஊசலின் நூலை நீட்டியும் குறைத்தும் நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகச் செய்து, நூலின் நீளத்தை வைத்தே நாடித் துடிப்பின் வேகத்தைக் குறித்துக்கொண்டார். நாடியால் ஊசலை அளந்தது போய், ஊசலால் நாடியை அளந்தார்கள்.

1589-ல் பீசாவிலேயே கணித ஆசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் வருஷத்துக்கு 60 ஸ்கூடி, ரொம்பக் குறைவு. 1591-ல் அப்பா இறந்துவிட்டார். மூத்த மகன் என்பதால் குடும்ப பாரம் முழுக்க இவர் தலையில். தங்கைக்குப் பேசிய வரதட்சணைப் பாக்கியைக் கொடுக்க முடியாமல் மைத்துனரிடம் பட்ட கஷ்டத்தைப் படித்தபோது எனக்கு இத்தாலிக் கதை மாதிரியே தெரியவில்லை. 1592-ல் பாதுவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 18 வருஷம் அங்கேதான். மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்து, டியூஷன் எடுத்து, கருவி செய்து விற்று எப்படியோ சமாளித்தார்.

பாதுவாவில்தான் ஊசலை உண்மையாகவே கையில் எடுத்தார். அவர் கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு முன், ஊசல் ஏன் ஆடுகிறது என்று எனக்குப் புரிந்தவரையில் சொல்லிவிடுகிறேன்.

குண்டை ஒரு பக்கம் இழுத்தால் அது கொஞ்சம் மேலே ஏறுகிறது. கவனிச்சுப் பாருங்க, பக்கவாட்டில் மட்டும் போகாது, ஏறவும் செய்யும். விட்டதும் பூமி அதைக் கீழே இழுக்கிறது. நூல் விடாததால் நேரே விழ முடியாமல் வில் மாதிரி வளைந்து வருகிறது. அடியில் வரும்போது வேகம் அதிகம். அந்த வேகத்தில் நிற்க முடியாமல் அடுத்த பக்கம் ஏறுகிறது. ஏற ஏற வேகம் குறைந்து, ஒரு நொடி நின்று, திரும்புகிறது. உயரம் வேகமாக மாறும், வேகம் உயரமாக மாறும். காற்றும், நூல் தொங்கும் இடத்தின் உராய்வும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவதால் கடைசியில் நின்றுவிடுகிறது.

குண்டு கனமாக இருந்தால் சீக்கிரம் வருமா? வராது. கனமான குண்டை பூமி அதிகமாக இழுக்கும், வாஸ்தவம். ஆனால் கனமானதை நகர்த்துவதும் அதே அளவு கஷ்டம். ரெண்டும் அடிபட்டுப் போகும். கலிலியோ ஈயக் குண்டு ஒன்று, தக்கைக் குண்டு ஒன்று எடுத்து ஒரே நீள நூல்களில் கட்டி ஆடவிட்டார். ஈயம் தக்கையைவிட நூறு மடங்குக்கு மேல் கனம். தக்கை காற்றில் சீக்கிரம் தளர்ந்துபோனது, ஆனால் தாளம் தப்பவில்லை. கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று ரெண்டாயிரம் வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி! கோபுரத்திலிருந்து குண்டு போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் தரையில் விழுந்துவிடும். ஊசல் அதே விழுதலை மெதுவாக, திரும்பத் திரும்ப நமக்கு முன்னாடி செய்து காட்டுகிறது. சாய்வான பலகையில் குண்டு உருட்டிப் பார்த்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

அடுத்தது நூலின் நீளம். இங்கேதான் அப்பாவின் நாலு மடங்கு வருகிறது. அலைவு நேரம் ரெண்டு மடங்கு ஆகணும்னா நூலை ரெண்டு மடங்கு நீட்டினால் போதாது, நாலு மடங்கு நீட்டணும். மூணு மடங்கு நேரத்துக்கு ஒன்பது மடங்கு நூல். அப்பா தந்தியில் கண்டதும் மகன் நூலில் கண்டதும் ஒரே மாதிரி இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் தந்தியில் எடை கட்டித் தொங்கவிட்டபோது மகனும் பக்கத்தில் நின்றிருப்பானோ என்று நினைத்துப் பார்த்தேன்.

இதை வைத்து அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். இந்தச் சுவர் இதழில் நீங்க ஒண்ணே ஒண்ணுதான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. உயரமான கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது, மேல் நுனி கண்ணுக்கே தெரியவில்லை. கீழ் நுனியில் கனமான பொருள் ஒன்று கட்டியிருக்கிறது. ஏணி இல்லாமல் கயிற்றின் நீளத்தைச் சொல்லணும். அதை ஆடவிட்டு நண்பனை எண்ணச் சொல்லுங்க. அதே நேரத்தில் நீங்க ஒரு முழ நூலில் குண்டு கட்டி ஆடவிட்டு எண்ணுங்க. நண்பன் 20 எண்ணுவதற்குள் நீங்க 240 எண்ணினால், உங்க ஊசல் 12 மடங்கு வேகம். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. கயிற்றின் நீளம் 144 முழம்! எண்ணத் தெரிந்தால் போதும், ஏணி வேண்டாம்.

பை, ஜி எல்லாம் சேர்த்து நாம் மனப்பாடம் செய்கிற சூத்திரம் அவர் காலத்தில் கிடையாது. அது பின்னால் ஹைகன்ஸ் வழியாக வந்தது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1602 நவம்பரில் கலிலியோ தன் நண்பர் குய்டோபால்டோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குய்டோபால்டோ ஒரு பிரபு, கணிதம் தெரிந்தவர், கலிலியோவுக்கு வேலை வாங்கித் தர உதவினவர். ஊசல் பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஒரே நேரம்தான் ஆகும் என்று கலிலியோ சொன்னதை அவர் நம்பவில்லை. வளைந்த விளிம்பில் குண்டு உருட்டிப் பார்த்து, சரியா வரலையே என்று சந்தேகப்பட்டார். கலிலியோ விடவில்லை. ரெண்டு சமமான நூல்கள், ரெண்டு ஈயக் குண்டுகள், ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் கொஞ்சமாகவும் இழுத்து விட்டு எண்ணச் சொன்னார்.

36 வருஷம் கழித்து எழுதிய புத்தகத்திலும் இதையே இன்னும் உறுதியாகச் சொல்கிறார். ஒன்றை 80 டிகிரி வரைக்கும், இன்னொன்றை நாலஞ்சு டிகிரி மட்டும் இழுத்து விட்டு, ரெண்டு பேர் தனித்தனியாக எண்ணினால், நூறு நூறாக எண்ணினாலும் ஒரு அலைவுகூட வித்தியாசம் வராதாம்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போ என்னுடைய 41.3? நானும்தானே அகலமா இழுத்தேன்? கலிலியோ சொல்வது சரியானால் எனக்கு 40.2 பக்கத்தில் வந்திருக்கணும்.

சாரிடம் ஓடினேன். நீயே செஞ்சு பாருன்னு சொன்னார்.

மதிய இடைவேளையில் நானும் ரெண்டு நண்பர்களும் ஆய்வகத்தில் ஒரே நீளத்தில் ரெண்டு ஊசல் கட்டினோம். ஒன்றை லேசாக இழுத்தோம். இன்னொன்றை நூல் கிட்டத்தட்ட படுக்கையாக வரும்வரை இழுத்தோம். சைபர் என்று சொல்லி ஒரே சமயத்தில் விட்டோம். (ஒன்றிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, ஒரு அலைவு குறைந்துவிடும். பாதி பேர் இதில்தான் கோட்டை விடுகிறோம்.) முதல் ரெண்டு மூணு ஒன்றாகப் போகிற மாதிரி இருந்தது. அஞ்சாவதில் ஒன்று போகும்போது இன்னொன்று வந்துகொண்டிருந்தது. சின்ன ஊசல் பத்து முடித்தபோது பெரியது ஒன்பதில்தான் நின்றது. மூணு தடவை செய்தோம், மூணு தடவையும் அப்படித்தான். நூறு வரைக்கும் போகவே தேவையில்லை.

ஏன் இப்படி? குண்டை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிற இழுப்பு, கோணம் சின்னதாக இருக்கும்வரை கோணத்துக்கு ஏற்ற மாதிரி கூடும். ரெண்டு மடங்கு தூரம் இழுத்தால் ரெண்டு மடங்கு இழுப்பு, அதனால் தூரம் அதிகமானாலும் நேரம் சமமாகிவிடுகிறது. கோணம் பெரிதானால் அந்த இழுப்பு அதே வேகத்தில் கூடுவதில்லை, பின்தங்குகிறது. போகவேண்டிய தூரம் கூடுகிறது, இழுப்பு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதனால் தாமதம். 5 டிகிரி வரை இந்தத் தாமதம் பத்தாயிரத்தில் 5 பங்குதான், ஸ்டாப் வாட்சில் தெரியவே தெரியாது. 30 டிகிரியில் நூற்றுக்கு 1.7. 60 டிகிரியில் நூற்றுக்கு 7. கலிலியோ சொன்ன 80 டிகிரியில் நூற்றுக்கு 13-க்கும் மேல். என் ஊசல் 40 டிகிரியில் ஆரம்பித்து மெதுவாகக் குறைந்தது, அதற்கு நூற்றுக்கு 3 பக்கம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 41.3!

நான் ரப்பரால் அழித்தது தப்பான அளவு இல்லை. அந்த ஊசல் சரியாகத்தான் சொன்னது. நான் செய்த தப்பு அகலமா இழுத்தது மட்டும்தான், எண்ணினது சரி.

கலிலியோ மாதிரி ஒருவர் பத்து எண்ணினால் தெரிந்துவிடுகிற விஷயத்தை எப்படிப் பார்க்காமல் விட்டார்? பார்த்துட்டு, காத்து பண்ற வேலைன்னு ஒதுக்கிட்டாரா? ஒரே நேரம்தான் வரணும் என்கிற விதி அவ்வளவு அழகாக இருந்ததால் விடமுடியவில்லையா? சார் தன் கருத்தைச் சொல்ல மாட்டேங்கிறார். எனக்கு என்னவோ அவர் கையிலும் ஒரு ரப்பர் இருந்ததுன்னு தோணுது. அதே சமயம் ஒண்ணு, சின்ன அலைவுக்கு அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. பிரான்சில் மெர்சென் என்பவர் எண்ணிப் பார்த்து, பெரிய அலைவுக்கு நேரம் கூடுகிறது என்று அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார்.

கலிலியோவின் மீதி வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்கிறேன். 1609-ல் தொலைநோக்கி செய்தார். 1610 ஜனவரியில் வியாழன் கோளைச் சுற்றும் நிலவுகளைப் பார்த்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை ஆதரிக்கக் கூடாது என்று 1616-ல் திருச்சபை எச்சரித்தது. 1632-ல் அதைப் பற்றி ஒரு உரையாடல் நூல் எழுதினார். 1633 ஜூன் 22-ல் ரோமில் 69 வயசு மனிதரை முழங்காலில் நிற்கவைத்து, தன் கருத்து தவறு என்று எழுதிக்கொடுத்ததைப் படிக்க வைத்தார்கள். எழுந்திருக்கும்போது பூமி நகருவதைப் பற்றி முணுமுணுத்தார் என்பது பின்னாடி சேர்ந்த கதை. அதன் பிறகு சாகும்வரை வீட்டுக்காவல். 1992-ல்தான் போப் இரண்டாம் ஜான் பால் அந்தத் தீர்ப்பில் தவறு நடந்ததை ஒப்புக்கொண்டார்.

வீட்டுக்காவல் ஃபிளாரன்ஸ் பக்கத்தில் ஆர்செத்ரி என்ற ஊரில். மூத்த மகள் மரிய செலஸ்தே அங்கே பக்கத்து மடத்தில் கன்னியாஸ்திரி. அப்பாவுக்கு அவர் எழுதிய 124 கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. தண்டனையின் ஒரு பகுதியாக அப்பா வாராவாரம் சொல்லவேண்டிய ஜெபங்களைத் தானே சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டவர். அப்பா ஊர் திரும்பி நாலு மாசம்கூட முழுசா ஆகவில்லை, 1634 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். வயசு 33. இந்த இடத்தைப் படித்த பிறகு ஒரு நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஆனா அந்தத் தாத்தா திறந்தார். பழைய பாதுவா குறிப்புகளை எல்லாம் எடுத்து, ஊசல், சாய்வுப் பலகை, விழும் பொருள் எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். நான் மேலே சொன்ன 144 முழக் கணக்கு அதில்தான் இருக்கிறது. இத்தாலியில் அவர் எழுத்தை அச்சிடத் தடை. ஹாலந்தில் லைடன் நகரத்தில் 1638-ல் அச்சாகி வந்தது. அது வந்தபோது அவருக்கு ரெண்டு கண்ணும் போய்விட்டது. வியாழனின் நிலவுகளை முதலில் பார்த்த கண்கள்.

1639-ல் விவியானி உதவிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு 17. நம்ம வயசு! அவர்தான் கண் தெரியாத ஆசிரியருக்குப் படித்துக் காட்டுவதும், சொல்லச் சொல்ல எழுதுவதும். 1641-ல் கலிலியோவுக்கு ஒரு யோசனை வந்தது என்று விவியானி பின்னாளில் எழுதினார். ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தால் என்ன? அலைவு நேரம் மாறாதென்றால் கடிகாரம் தப்பாதே! மகன் வின்சென்சோவிடம் சொல்ல, (தாத்தா பெயர்தான்) அவர் படம் வரைந்தார். ஊசல் ஆடும்போது பல் சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகரும், நகரும்போது ஊசலுக்கு ஒரு சின்னத் தட்டு கொடுக்கும், அதனால் ஊசல் நிற்காது. பார்வை இல்லாத மனிதர் மனசுக்குள்ளேயே சக்கரங்களைச் சுழலவிட்டு இதைச் சொல்லியிருக்கிறார்.

1642 ஜனவரி 8-ல் இறந்துவிட்டார். கடிகாரம் செய்யப்படவில்லை. மகன் 1649-ல் வேலையைத் தொடங்கினார், அதே வருஷம் அவரும் இறந்துவிட்டார். படம் மட்டும் மிஞ்சியது. 1656-ல் ஹாலந்தில் ஹைகன்ஸ் தனியாக யோசித்து ஊசல் கடிகாரம் செய்தார். அதற்கு முன் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் தப்பிய கடிகாரங்கள், அதன் பிறகு சில விநாடிகள்தான் தப்பின. பெரிய அலைவுக்கு நேரம் கூடுகிற விஷயம் ஹைகன்சுக்குத் தெரியும். நூலின் ரெண்டு பக்கமும் வளைந்த தகடு வைத்து, பெரிதாக ஆடும்போது நூல் அதில் ஒட்டி நீளம் குறையும்படி செய்தார். 1673-ல் அந்தக் கணக்கையெல்லாம் புத்தகமாகப் போட்டார்.

இன்னொரு விஷயம், இது நம்ம ஊருக்கும் சம்பந்தப்பட்டது. 1672-ல் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள கயேன் என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒரு நாளைக்கு ரெண்டரை நிமிஷம் தாமதமாக ஓடியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் கம்மி. அதே மாதிரி 1821-ல் கோல்டிங்காம் என்பவர் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில், விநாடிக்கு ஒருமுறை தட்டும் ஊசலின் நீளம் இங்கே எவ்வளவு என்று அளந்தார். நம்ம பக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78தான். அதாவது நான் கஷ்டப்பட்டுப் பொய்யாக வரவழைத்த 9.8-ஐவிட, பக்கத்து மேசைக்காரனுக்கு ஒழுங்கா எண்ணி வந்த 9.78 உண்மைக்குக் கிட்ட. அவன்கிட்ட இதைச் சொன்னதிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

கலிலியோவின் உடலை ரொம்ப நாள் ஒரு சின்ன அறையில்தான் வைத்திருந்தார்கள். பெரிய கல்லறைக்கு மாற்றியது 1737-ல். அப்போது யாரோ அவர் கை விரல்களை எடுத்துக்கொண்டார்களாம். ஒரு நடுவிரல் ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

நான் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தை மறுபடியும் எழுதினேன். லேசாக இழுத்தபோது 40.2 விநாடி, புவியீர்ப்பு முடுக்கம் 9.77. அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: சுமார் 40 டிகிரி இழுத்தபோது 41.3 விநாடி. சார் அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மையில் சரி போட்டிருக்கிறார். ரெண்டு ஊசலும் இன்னும் ஆய்வகத்தில் ஜன்னல் பக்கத் தாங்கியில்தான் தொங்குகின்றன. நம்பாதவங்க மதியம் வந்து பத்து வரைக்கும் எண்ணிப் பாருங்க. சைபரிலிருந்து.

— பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு